கை எட்டாத கயிறு

பெட்டியைக் காலி செய்தபோது அடியில் அந்தக் கயிறு கிடந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. இழைகளில் காய்ந்த சந்தனம். முகர்ந்து பார்த்தேன். மரத்தூள் வாசனைதான் வந்தது.

நீ போன அதே பயணத்துக்கு இந்த ஆண்டு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே ஜப்பான். தொழிற்சாலைகளைப் பார்த்துவர மூன்று மாதம்.

திரும்பி வந்த அன்று, தென்காசி ஸ்டேஷனில் இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை நீ. கல்லூரி முடித்து நாம் சேர்ந்து தொடங்கிய மர அறுவை மில்லுக்கு நேரே வந்தாய். ரம்பத்துக்கு மேலே ஒரு மணி கட்டி, கை எட்டும் உயரத்தில் கயிற்றைத் தொங்கவிட்டாய். தப்பு என்று கண்ணில் பட்டால் யாரும் இழுக்கலாம். மணி கேட்டதும் மோட்டாரை நிறுத்த வேண்டும். அங்கே அப்படித்தான் என்றாய்.

சுடலை மேஸ்திரிக்குச் சிரிப்பு. “கப்பலேறிப் போயி மணியாட்டவா படிச்சிட்டு வந்திய அண்ணாச்சி? மணியடிச்சா சுண்டல் உண்டுமா?”

“சுண்டல் கெடையாது. ஏச்சும் கெடையாது. என்ன தப்புன்னாலும் இங்கன ஒருத்தர ஒருத்தர் ஏசப்படாது.”

ஒரு வாரத்தில் அவரே இழுத்தார். அறுக்க ஏற்றிய மரத்துண்டுக்குள் ஆணி. வேலை நின்றதில் நான் முகம் சுளித்தேன். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பிறகு ஆயுத பூஜை. ரம்பத்துக்குப் பொட்டு வைத்தவர்கள் மணிக்கும் வைத்தார்கள். மாலை போட்டார்கள். அன்று எதையும் தொடக் கூடாது. யாராவது தெரியாமல் இழுத்துவிடுவார்களோ என்று கயிற்றைச் சுருட்டி மேலே முடிந்துவைத்தேன். நீ பொரிகடலை வாங்கப் போயிருந்தாய்.

மறுநாள் காலையில் அவிழ்த்திருக்க வேண்டும். நான் குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பெல்ட் உன் வேட்டியைப் பிடித்தபோது மேஸ்திரி கயிற்றுக்குத் தாவியிருக்கிறார். எட்டவில்லை. ரம்பச் சத்தத்தில் அவர் கத்தியது மோட்டாரடியில் நின்றவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி தாவியிருக்கிறார்.

ஈரத் தலையோடு வந்து சேர்ந்தேன். மணியில் மாலை வாடியிருக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்து அவர் ஏணி வைத்து ஏறினார். முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு மேலே கயிற்றை அறுத்து என் கையில் கொடுத்தார். “வச்சிக்கிடுங்க அண்ணாச்சி.” யார் கட்டியது என்று கேட்கவில்லை. மில்லில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

நீ சொன்னதை அவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கயிற்றைத் துணிகளுக்கு அடியில் மறுபடி வைத்துவிட்டேன். என்னோடு கப்பலேறட்டும்.

யாராவது ஒருவர் ஏசியிருக்கலாம்.