மெலிய மெலியச் சூடாகும்

என் உயிரை வாங்கிக்கொண்டே இருந்த சாகுலே,

நீ மண்ணுக்குள் போன பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை, என் தொந்தியைக் காணவில்லை என்பதைத் தவிர. பத்திரிகையில் நகைச்சுவை எழுதி நான் பிழைப்பதே அதை வைத்துத்தான் என்று கல்லூரி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ. இனி எதை வைத்து எழுத?

தோவாளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். "என்னவே, மாப்பிள்ளைக்கே போட்டியா வந்திருக்கீரு?" என்றார் பந்தியில் பக்கத்து இலைக்காரர். காலை நடையின் பலன் என்றேன். என் நடை டீக்கடை வரைக்கும்தான் என்பது உனக்குத் தெரியும். அவர் இரண்டாவது பாயசத்தை முடித்தபோது, என் இலையில் முதல் பாயசமே அப்படியே கிடந்தது.

சட்டைகளைக் கோட்டாற்று டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்தாயிற்று. ஆனால் சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. வெளியே மழை கொட்டினாலும் சுடுகிறது. அப்போதெல்லாம் நீ மாணவர்களுக்கு நடத்திவிட்டு வந்து, வீட்டில் எனக்கும் எடுத்த கருந்துளைப் பாடம்தான் நினைவில் வந்து உட்காருகிறது.

"ஒண்ணுமே இல்லாத இடம்னு ஒண்ணு கிடையாது மக்கா. அங்கயும் மின்புலம், காந்தப்புலம்னு புலங்கள் நடுங்கிக்கிட்டே கிடக்கும். கருந்துளை விளிம்புல அந்த நடுக்கம் சூடாக் கசியும். கசியறதுக்கெல்லாம் துளை தன் எடையத்தான் கொடுக்கணும்."

"கொடுத்துட்டு மெலியட்டுமே. நல்லதுதானே?" என்றேன்.

"கேளுலே. பெருசா இருக்கையில அது வானத்துக் குளிரவிடக் குளிர்ந்து கிடக்கும். மெலிய மெலியத்தான் சூடு ஏறும். சூடு ஏற ஏற இன்னும் வேகமா மெலியும். கடைசியில ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்."

"அப்போ என்னை மாதிரி பெருத்தவனுக்குப் பயமில்ல" என்று உன் வீட்டு நேந்திரங்காய் வறுவலை அள்ளினேன். நீ சிரித்தாய். அன்றைக்கே உன் சட்டை உனக்குப் பெரிதாக இருந்தது. கேட்டதற்கு நீயும் காலை நடை என்றுதான் சொன்னாய்.

கருந்துளைக்குள் விழுந்தது அந்தச் சூட்டோடு ஏதோ வடிவில் வெளியே வருமா, அழிந்தே போகுமா என்று பெரிய பெரிய ஆட்களே சண்டை போடுகிறார்கள் என்பாய். இப்போது உனக்கு விடை தெரிந்திருக்குமோ? உன் நக்கலெல்லாம் எங்கே போயிற்று சாகுலே?

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி, என் மைனி, சாயா கொண்டு வைத்தார். வைத்தவர் நகரவில்லை. என் சட்டையின் பக்கத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது புதுசாப் பிடிச்சதா?"

"ஆமா மைனி. இந்த வயசுல எனக்கு அழகு வந்தா நான் என்ன செய்ய?"

மைனி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவியளும் இப்படித்தான். டாக்டரப் பாருங்கன்னு சொன்னா டெய்லரத்தான் பாத்தாவ. நீங்களும் அதையே செய்யுதிய."

கல்யாணமே செய்துகொள்ளாத என்னைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பது மைனிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகத் திங்கட்கிழமை காலைக்கு ஆட்டோ சொல்லிவிட்டார். தனியே விட்டால் பாதி வழியில் இறங்கிவிடுவேனாம். கூடவே வருகிறாராம்.

நாளைதான் திங்கள். இப்போதும் கை சுடுகிறது.

போகிறேன் சாகுலே. ரத்தம் கொடுப்பேன், ஸ்கேனில் படுப்பேன். டாக்டர் பேசும்போது குறுக்கே ஒரு சிரிப்புத் துணுக்கும் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எதுவானாலும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மைனியிடம் ஒரு சொல் குறையாமல் சொல்வேன். உன் நோயைப் பற்றி நீ கடைசிவரை அவரிடம் வாய் திறக்கவில்லை. நான் திறப்பேன். இது சத்தியம்.

கூடப்பிறக்காத உன் தம்பி,
தாணு