மீட்டருக்கு நாற்பத்திரண்டு வாட்

மே 12, 2025, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் எனக்கு இன்னும் 'தெர்மாமீட்டர் பொண்ணு' என்றுதான் பெயர். இருக்கட்டும். இன்று முதலாளி பொங்கியண்ணன் கூப்பிட்டுப் பெரிய வேலையே கொடுத்துவிட்டார்.

பின் ஷெட்டில் இருக்கிற, சாம்பிள் துணிக்குச் சாயம் போடுகிற மெஷின் சூடேற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நாற்பது நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது. சனிக்கிழமை பையர் கம்பெனிக்குப் போக வேண்டிய நேவி ப்ளூ துணி திட்டுத் திட்டாக வந்ததாம். பாய்லரிலிருந்து அந்த ஷெட்டுக்குத் தொண்ணூறு மீட்டர் நீராவிக் குழாய். "சூடு குழாய்ல காணாமப் போகுதா, இல்ல பாய்லர்காரன் அந்தோணிராஜ் நெருப்ப அணைய உட்டுப்போட்டுத் தூங்கறானான்னு கணக்குப் போட்டுச் சொல்லுங் கண்ணு" என்றார்.

மே 13

கணக்கு முடிந்தது. உள்ளே நூற்று எழுபது டிகிரி நீராவி, இரண்டு இன்ச் குழாய், மேலே சூட்டை வெளியே விடாத ராக்வூல் பஞ்சு ஐம்பது மில்லிமீட்டர், அதற்கும் மேலே அலுமினியத் தகடு. வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. மீட்டருக்கு நாற்பத்திரண்டு வாட்தான் வீணாகிறது. ஒரு குண்டு பல்பு அளவுகூட இல்லை.

டெம்பரேச்சர் கன்னைத் தகட்டின் மேல் நீட்டியும் பார்த்தேன். நாற்பத்தொன்று. கணக்கும் கருவியும் இப்படிக் கைகோத்து நின்றால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

மே 14

'குழாயில் குறை இல்லை' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். கீழே என் கையெழுத்து, அடியில் கோடெல்லாம் போட்டு.

முதலாளி ஒரு தடவைதான் படித்தார். "அப்பக் குழா மேல தப்பில்லீங்க. ஆளு மேலதான்." மாதக் கடைசியோடு அந்தோணிராஜை நிறுத்தப் போகிறாராம்.

நான் குழாயைப் பற்றித்தானே எழுதினேன்? ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

மே 15

மதியம் புளிசாதம். டப்பா முழுசாக வீட்டுக்கே திரும்பியது.

மே 16

பாய்லர் ரூம் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவரே தேடி வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மேடம், ஒங்க ரிப்போர்ட்ட சாரு வாசிச்சுக் காட்டுனாவ. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தப் பைப்பத் தொட்டுப் பாத்தியளா?"

"கன் வெச்சுப் பாத்தேங்க."

"கன்னு இல்ல மேடம். கை."

மே 17, சனி

தொட்டேன். என் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையில் கையை உடனே எடுக்கவும் இல்லை. இரண்டு விரலில் கொப்புளம்.

நாற்பத்தொரு டிகிரியில் விரல் கொப்பளிக்குமா? பளபளக்கிற தகட்டில் கன் பொய் சொல்லும் — இன்ஜினியரிங் மூன்றாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வெட்கக்கேடு.

பளபளப்பை மறைக்கத் தகட்டில் கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் கன்னை நீட்டினேன். எண்பத்தொன்று. திரும்பக் கணக்குப் போட்டால் மீட்டருக்கு இருநூற்று முப்பது வாட்டுக்கு மேல் போகிறது. கிளம்புகிற நீராவியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தண்ணீராகிவிடும். அந்த மனுஷர் ராத்திரி பகலாக எரித்தாலும் மெஷின் எப்படிச் சூடேறும்?

ஆனால் ராக்வூல் இவ்வளவு சூட்டை விடாதே. உள்ளே என்னதான் இருக்கிறது?

மே 19, திங்கள்

தகட்டைக் கழற்றினோம். உள்ளே பனியன்.

கட்டிங் வேஸ்ட், கழுத்துப் பட்டி, வெட்டிய சட்டைக் கைகள், நடுவில் யானைப் படம் போட்ட முழு டீ-ஷர்ட் ஒன்று, குழந்தைகளுடையது. குழாயை ஒட்டியிருந்தது கருகிப் பொடியாகிக் கிடந்தது. வெளிப்பக்கம் போன வார மழையைக் குடித்து ஊறிப்போயிருந்தது. அந்தோணிராஜும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. திருப்பூரை விட்டால் வேறு எந்த ஊரில் குழாய்க்குப் பனியன் மாட்டுவார்கள்?

"நான் வேலைக்கு வாரதுக்கு முந்தியே சுத்துனது மேடம்" என்றார். அப்புறம் கருகலைப் பார்த்து இரண்டு பேருக்குமே சிரிப்பு நின்றுவிட்டது. தீப்பிடித்திருந்தால்?

மே 20

முதலாளி மேஜையில் யானை டீ-ஷர்ட்டை வைத்தேன். பக்கத்தில் என் ரிப்போர்ட். "இதுல நான் எழுதுனது தப்புங்க. தெறந்து பாக்காமயே எழுதிட்டேன்."

அவர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. டீ-ஷர்ட்டைத் திருப்பித் தையலைத்தான் பார்த்தார். தொழில் புத்தி. "நம்ம ஓவர்லாக் தையலுங்க இது" என்றார். அப்புறம் அதை மடித்தபடி, "நாந்தானுங்க சுத்துனேன்."

ஷெட் போட்ட வருஷம் ராக்வூல் வரத் தாமதமாம். "ஒலகத்துக்கே துணி போடறோம், நம்ம குழாய்க்குப் போட்டா ஆகாதான்னு நெனச்சுப்போட்டனுங்." பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர், தகடு மூடியதும் மறந்தே போய்விட்டார்.

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அந்தோணிராஜுங்க?"

எழுந்து பாய்லர் ரூமுக்கு நடந்தார். யாரையும் இங்கே கூப்பிட்டு விட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அவர் யாரையும் தேடிப்போய் நான் பார்த்ததில்லை. என்ன பேசினார்களோ. டீ-ஷர்ட்டையும் கையோடு கொண்டுபோனார்.

மே 28

நிஜ ராக்வூல் வந்து கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் கூடவே நின்றேன். அம்மணமாகக் கிடந்த வால்வுகளுக்கும் கழற்றி மாட்டுகிற மாதிரி உறை தைத்துப் போட்டாயிற்று. டேப் ஒட்டிப் பார்த்தால் நாற்பத்தேழு. கையையும் வைத்துப் பார்த்தேன், இந்த முறை இடது கையை.

மெஷின் நாற்பத்து மூன்று நிமிடத்தில் சூடேறியது. நேவி ப்ளூ திட்டு இல்லாமல் வந்தது. முதலாளி சொன்னார்: "இனி எதுக்குக் கணக்குப் போட்டாலும், உள்ள என்னத்த வெச்சிருக்கறீங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங் கண்ணு."

ஜூன் 2, திங்கள்

மாதக் கடைசி தாண்டியும் பாய்லர் ரூமில் அந்தோணிராஜ்தான். நான் போனதும் பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவம் ஒன்றை நீட்டினார். மனைவியும் மகளும் நேற்று ஊரிலிருந்து வந்துவிட்டார்களாம். மகளுக்கு இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷில் நிரப்பித் தரச் சொன்னார். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் தொழில் — அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

நிரந்தர முகவரி என்ற இடம் வந்ததும், "உங்க ஊர் அட்ரஸ் சொல்லுங்க" என்றேன்.

பிரஷர் கேஜின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"இங்கன உள்ளதையே போடுங்க மேடம்" என்றார்.