வாசம் தெரியாதவள்

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் தங்கச்சி செல்வலட்சுமிக்கு அக்கா கற்பகவல்லி எழுதுவது. திருப்பூரில் நீயும் குட்டி அழகுமீனாவும் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியாத்தா துணை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் பேசவிட மாட்டாய். அதனால்தான் கடிதம்.

பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும், பாப்பாவை உன்னிடம் விடுகிறேன் என்றாய். நான் பிள்ளை பெறாதவள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கென்று சின்னத் தட்டுகூட வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். முந்தின நாள் வைத்த கோழிக்குழம்பை நீ சொன்னபடி ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜில்தான் வைத்தேன். நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்கக் கரண்ட் இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? வந்து பார்த்தேன். நுரை இல்லை, நூல் விடவில்லை, கறி வழுவழுக்கவும் இல்லை. சுடவைத்துச் சோற்றில் ஊற்றினேன். கொஞ்சம் புளித்தது, தக்காளி கூடிவிட்டது என்று நினைத்தேன். உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு முத்துச்செல்வி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏ யக்கா, இம்புட்டு நாத்தம் அடிக்குது, இதையா திங்கீக?" என்று தட்டைப் பிடுங்கினாள். அதற்குள் பாதி தின்றிருந்தேன். வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தேன்.

பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து உன் மச்சான் போன அன்று, அவரைத் தேடிப் புகைக்குள் ஓடினேனே, அன்றோடு எனக்கு வாசம் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தாலியறுத்தவளுக்கு மல்லிகைப்பூ மணத்தால் என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மூக்கையே நம்பக் கூடாதாம். கரண்ட் போய் நெடுநேரம் கிடந்த கறி நாறினாலும் நாறாவிட்டாலும் கொட்டிவிட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். அன்றன்று ஆக்கி அன்றன்று தின்றால் ஆயிற்று என்பாய். சரி, கறிக்கு அது போதும். கேஸ் கசிந்தால் என்ன செய்வேன் தங்கச்சி? நெருப்புக்கு ஒருத்தரைக் கொடுத்தவள் நான். பாப்பாவை உள்ளே தூங்கவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அவளை அனுப்பாதே. பெரியம்மாவுக்கு உடம்பு சுகமில்லை என்று சொல். பெரியம்மா வேண்டாம் என்று சொன்னாள் என்று மட்டும் பிள்ளை காதில் போட்டுவிடாதே, தாயி. அவள் நூறு வயது நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
கற்பகவல்லி