அந்த நூறு பேர்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுச் சாயங்காலப் பிரார்த்தனையில் இருந்தவர்கள்: நான், மகள், உங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட பூனை. வேறு யாருமில்லை.

ஆலையை மூடிவிட்டதால் வேலை தேடி உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து ‘நான் உதவாக்கரை’ என்றே எழுதுகிறீர்கள். நூலகத்தில் பொருளாதாரப் புத்தகம் ஒன்று எடுத்து, வீட்டுக் கணக்குப் போடும் கையாலேயே போட்டுப் பார்த்தேன். ஓர் ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு வேலை உண்டு, நூறு பேருக்கு இல்லை என்று வையுங்கள். மாதந்தோறும் வேலையில் இருப்பவரில் நூற்றுக்கு ஒருவர், அதாவது பத்தொன்பது பேர், வெளியே வருகிறார்கள். அந்த நூறில் பத்தொன்பது பேருக்கு வேலை கிடைக்கிறது. ஆள் மாறுகிறது, நூறு மாறவில்லை! ஊர் செழிப்பாக இருக்கும்போதும் இப்படி இரண்டாயிரத்தில் நூறு, அதாவது நூற்றுக்கு ஐந்து பேர் உண்டாம். இயற்கை வேலையின்மை விகிதம் என்கிறார்கள். தொட்டித் தண்ணீர் அசையாததுபோல் தெரிகிறது, உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இறைவா, இது யார் திறந்த குழாய்!

நீங்கள் அந்த நூறில் ஒருவர். இதில் என்ன வெட்கம்?

உங்களவள்

மார்ச் 11

அன்புள்ளவளே,

நேற்று அரசாங்கத்திலிருந்து வேலையின்மைக் கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். “போன நாலு வாரத்துல வேலை தேடினீங்களா சார்?” அண்ணன் முந்திக்கொண்டார்: “செருப்பு தேயத் தேடறாம்மா!” நான் “தேடலம்மா” என்றேன். “அப்ப வேலையில்லாதவங்க கணக்குல நீங்க வரமாட்டீங்க” என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

வேலை தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, தினமும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். உன் நூறில்கூட நான் இல்லை. எந்த முகத்தோடு வீட்டுக்கு வர?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

புத்தகத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. தேடாதவரை நூறில் சேர்த்தது என் தப்பு.

மகள் கேட்டாள்: “அப்பா அதுல இல்லன்னா எங்கதாம்மா இருக்கார்?” தேடினேன். கணக்கில் சேராதவர்கள் பட்டியலில் ‘வேலை தேடாதவர்கள்’ என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில் ‘வீட்டைக் கவனிப்பவர்கள்’. அங்கே நான்! இத்தனை வருஷம் சமைத்து, துவைத்து, கணக்கு எழுதியும் அந்தக் கணக்கில் நானும் இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே ஒரு மலைப்பு. ஓரிடத்தில் நுழைந்து “வேலை இருக்கா?” என்று கேட்டால் போதுமாம், கிடைக்காவிட்டாலும் நீங்கள் நூறுக்குள் வந்துவிடுவீர்கள். அந்த வாசல் அவ்வளவு பெரியது.

அதை இங்கிருந்தே கேட்கலாம். அதுவரை, கணக்கில் இல்லாத இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்போமே. பூனையை நகர்த்திவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்களவள்