பச்சைக் கொடி கட்டிய மூன்று நாள்

ஏப்ரல் 8, செவ்வாய்

மேட்டுக்குப் போனேன். நிலக்கரி எடுத்து முடித்த குழியை மூடி, நல்ல மண் பரப்பி, புல் விதைத்து இரண்டு வருஷம். புல் முழங்கால் உயரம். வடக்குச் சரிவில் மட்டும் ஒரு பட்டை காய்ந்து கிடக்கிறது. ஒரு லாரி அகலம். ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேர். நோய் இவ்வளவு ஒழுங்காக வராது.

மேலாளரிடம் சொன்னேன். எனக்குக் கீழே சாம்பிள் புட்டி கழுவியவன். "மழை பெஞ்சா சரியாயிடும், சார்" என்றான். அந்த 'சார்' என்பதை மெல்ல இழுத்து ருசிப்பான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இப்போது ஒன்பது பட்டைகள். காலையில் புல்லெல்லாம் பனி ஈரம். பட்டைகளில் ஒரு துளி இல்லை. கையை வைத்தேன். சூடு. காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்ட மாதிரி.

ஏப்ரல் 12

அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு பறவைகூட அங்கே இறங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

தங்கை வீட்டுக்குப் போனேன். மேட்டின் அடிவாரம். வாங்கலாமா என்று அவள் கேட்டபோது, பயமில்லை, மண் என் பொறுப்பு என்று சொன்னவன் நான்தான். மாப்பிள்ளை என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். நானும் வலியப் போய்ப் பேசவில்லை.

"அண்ணா, கிணத்துத் தண்ணியில ஆணி ஊறவெச்ச மாதிரி ஒரு வாடை. நீயே பாத்துச் சொல்லு."

வாளியின் விளிம்பு காவி நிறம். அமிலம் எட்டிப் பார்த்திருக்கிறது. குடித்தால் கெடுதல் செய்யும் அளவு இல்லை – இன்னும். "கொதிக்க வெச்சுக் குடி" என்றேன். கொதிக்க வைத்தால் எதுவும் போகாது. எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 16

மேலாளர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். கொடிக்காரர்.

நிலக்கரிக்கு மேலே ஒரு கரும்பாறை அடுக்கு உண்டு. பூமிக்குள் இருக்கும்வரை சாது. தோண்டிக் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகக் கசியும். அதனால் தினமும் காலையில் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து, மருந்து ஊற்றிப் பார்ப்பது என் வேலை. பொங்கினால் லாரிக்குச் சிவப்புக் கொடி. குழியின் அடியில் கொட்டிக் களிமண்ணால் மூட வேண்டும். பொங்காவிட்டால் பச்சை, மேலே கொட்டலாம். நிறம் சொல்வது நான். கட்டுவது லாரி மேஸ்திரி. கொடிக்காரர் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும்.

அவர் கண் மங்கிக் கொடியின் நிறத்தை மாற்றிக் கட்டிவிட்டாராம். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாமாம். கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

ஏப்ரல் 18

ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டியதே இல்லை. எந்த வாரம் என்று எனக்குத் தெரியும். அவன் மேலாளர் ஆன வாரம்.

முதல் நாளே கேட்டான்: "தினமும் டெஸ்ட் எதுக்கு சார்? உங்க அனுபவத்துக்குப் பாத்தாலே தெரியாதா?" சரி, கெட்டுப்போகட்டும், அவன் பேரில்தானே எழுதுவார்கள் என்று இருந்துவிட்டேன். மூன்று நாள் புட்டியைத் திறக்கவில்லை. எண்களை மனசிலிருந்து எழுதினேன். அழகான எண்கள். எல்லாம் பச்சை.

கொடிக்காரர் வாசலில் வந்து நின்றார். "சார், கருப்பா மினுங்குதே. பச்சையா கட்டுறது?"

"படிச்சது நீயா, நானா?"

போய்க் கட்டினார். நாற்பத்தொரு லோடு. எது எங்கே சரிந்தது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது. இதையாவது ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

அவன் பேர் கெடும் என்று நினைத்தேன். கீழே யார் கிணறு என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லையா?

ஏப்ரல் 21, திங்கள்

சுண்ணாம்பு தூவி மறுபடி விதைக்கப் போகிறார்களாம். முகத்துக்குப் பவுடர். இந்த வருஷத்து முதல் மழை அத்தனை லோடுக்குள்ளும் புகுந்து நேரே அவள் கிணற்றுக்கு இறங்கும். தோண்டி எடுத்தால் ஒழிய வழியில்லை. எங்கே தோண்டுவது என்று நான் சொன்னால் ஒழிய அதுவும் இல்லை.

பட்டைகளை எண்ணினேன். நாற்பது. ஒன்று குறைகிறதே என்று ஒரு அற்ப நிம்மதி. திரும்பி இறங்கும்போது கண்ணில் பட்டது – தங்கை வீட்டுப் பின்சுவருக்கு நேர் மேலே, நேற்று பச்சையாக இருந்த இடத்தில், ஒரு லாரி அகலம். தீக்குச்சி கிழித்த வாடை.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மண்தான் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது.

ஏப்ரல் 22

நோட்டைக் கொடுத்தேன். மேலாளர் நின்றுகொண்டே படித்தான். "ஏன் சார்?" என்றான். இவனுக்குச் சொல்ல எத்தனை வருஷமாகப் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன்! பக்கத்தைத் திருப்பி, எங்கே தோண்டத் தொடங்க வேண்டும் என்று காட்டினேன்.

மே 6, செவ்வாய்

முதல் வாளி மண்ணை அள்ளியதும் சரிவிலிருந்து ஆவி எழுந்தது. பொக்லைன்காரர் வண்டியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் இறங்கி நின்றாராம். அது பத்து நாள் முன்பு. இன்று கடைசி லோடும் குழிக்குப் போனது. களிமண் மூடியபின்தான் தூறல் தொடங்கியது.

மாப்பிள்ளை போன் செய்தார். "தண்ணி லாரி வருது. கிணறு தேற ஒரு வருஷமாவது ஆகுமாம்." வைத்துவிட்டார். பின்னால் தங்கை குடங்களை நகர்த்தும் சத்தம் கேட்டிருந்தது.

ஆய்வுக்கூடச் சாவியை மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி வேலைக்கு அழைக்கப்பட்ட கொடிக்காரர் குழி ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டியபடி, லாரிகளின் சிவப்புத் துணிகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

கேட் ஓரம் என் ஸ்கூட்டர். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி, இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு யாருடையது என்று இந்தச் சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவிழ்க்காமலே வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.