அப்பாவின் அபூர்வ நோய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நோயோடு நலம், நான் அவரோடு நலம், உன் மாமா தன்னைத் தானே மெச்சிக்கொண்டு எப்போதும்போல் மிகவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், பாதிக் கதையை அவரே சொல்லிவிடுகிறார், அதுவும் தனக்குச் சாதகமான பாதியை. முழுக் கதையும் உனக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஹார்மோனை அடக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள், நோய் எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு மளமளவென்று இறங்கியது, அதுவரை உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது அந்த ஊசியோடு அவர் பட்ட பாடு. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், சட்டையைக் கழற்றிவிட்டு ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் நிற்பார். டிவியில் பற்பசை விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்தால் இவருக்குக் கண் கலங்கும். நாற்பது வருஷம் சர்வேயராக வெயிலில் நின்று நிலம் அளந்த மனுஷன், நான் பார்த்துவிடக் கூடாது என்று தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்குவார். நானும் தூசிதான் என்று நம்பியதாகக் காட்டிக்கொள்வேன்.

நடுவில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. சுரப்பியைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து வழி பண்ணினார்கள். சுரண்டிய சதையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த மருத்துவமனையில் இதற்கென்று ஆள் கிடையாது, சதையை ஒரு டப்பாவில், அது கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் போட்டு மூடிச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள், ஊரின் மறு கோடியில் இருக்கும் சோதனைக்கூடத்தில் நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் தடவை, நோயைக் கண்டுபிடிக்க ஊசியால் குத்தி எடுத்த துண்டுகளை நான் பஸ்ஸில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி கொண்டுபோனேன். இந்தத் தடவை நான் அப்பாவோடு வார்டில் இருந்ததால் உன் மாமா அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். புதுக் கார் வாங்கியிருக்கிறானே, அதை நாலு பேர் பார்க்க ஓட்ட ஒரு காரணம் வேண்டாமா.

இந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார், புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். புற்றுநோய் செல்லுக்குக் காது மாதிரி சில உண்டாம், ஏற்பி என்கிறார்கள். ஆண் ஹார்மோன் சொல்வதைக் கேட்கும் காது ஒன்று, வளர்ச்சிக் காரணி சொல்வதைக் கேட்கும் காது வேறு. நாம் போடும் ஊசி ஹார்மோனின் வாயை அடைக்கிறது. ஹார்மோன் காது இல்லாமல் மற்றக் காது மட்டும் நிறைய உள்ள நோயாளிகள்தான் அவர் மாத்திரைக்கு வேண்டும், ஆனால் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பதே அரிதாம். சதைத் துண்டுக்குச் சாயம் போட்டுப் பார்த்தால் எந்தக் காது இருக்கிறது என்று தெரிந்துவிடும். சாயம் போட்டார்கள். உன் அப்பாவின் சதையில் ஹார்மோன் ஏற்பி அறவே இல்லை, வளர்ச்சிக் காரணி ஏற்பி ஏராளம் என்று முடிவு வந்தது.

பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. புதையல் எடுத்தவர் மாதிரி எழுந்து நின்று உன் அப்பாவின் கையைக் குலுக்கினார். "சார், உங்களுது ரொம்ப அபூர்வமான கேஸ்" என்றார். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார் பார், வேலையில் இருந்தபோது மேலதிகாரி முதுகில் தட்டியபோதுகூட அப்படி நிமிர்ந்ததில்லை. இனி ஹார்மோன் ஊசி வீண், நிறுத்திவிட்டு மாத்திரைக்கு வாருங்கள் என்றார் அவர். இவருக்குக் கசக்குமா? கொதிப்பும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம், பட்டமும் கிடைத்துவிட்டது. மறுநாளே கீழ்வீட்டுத் தையல்காரரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் தன் நோய் ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தார். தையல்காரர் பாவம், வாழ்த்துவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாராம்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் இடித்தது. பெரிய டாக்டரிடமே கேட்டேன், "ஹார்மோன் காதே இல்லாத நோய்னா, ஹார்மோன் வாய அடைச்சதும் பி.எஸ்.ஏ. ஏன் டாக்டர் அப்படி எறங்கிச்சு?" என்று. அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே, "அம்மா, இதெல்லாம் ரொம்ப சிக்கலான சயின்ஸ்" என்றார். எத்தனை சிக்கல் என்றாலும் இறங்கியது இறங்கியதுதானே? பழைய ரத்த முடிவுகள் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன, ஒரு தடவை தட்டிப் பார்க்க அவருக்கு விரல் வரவில்லை. அபூர்வம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பதே மறந்துவிட்டது. ஊசி போட வேண்டிய நாள் அதற்குள் கடந்துபோயிருந்தது, அடுத்த ரத்தச் சோதனையில் அளவு லேசாக ஏற ஆரம்பித்திருந்தது. அதைக் காட்டியபோதும், மாத்திரை ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்றுதான் பதில். அடுத்த திங்கட்கிழமை மாத்திரை தொடங்குவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமைக்கு முன்னால் சோதனைக்கூடத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். உன் அப்பா வரமாட்டேன் என்றார், படித்தவர்களைச் சந்தேகப்பட்டுத் தன் மானத்தை வாங்குகிறேனாம். மாமா கூட்டிப்போனான், வழியெல்லாம் ஏற்பி பற்றி எனக்கு வகுப்பு எடுத்தபடி. சோபாக் கடை வைத்திருப்பவனுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு விஞ்ஞானம் வருகிறதோ, வண்டி சிக்னலில் நின்றபோதுகூட வாய் நிற்கவில்லை.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் எழுந்து போய், அப்பாவின் சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "புற்றுநோய்க்குப் பக்கத்துலயே நல்ல சுரப்பியும் கொஞ்சம் இருக்கும்மா. அதுல ஹார்மோன் ஏற்பி இல்லாம இருக்கவே முடியாது. ஆனா அதுவும் சாயத்த எடுக்கல. சோதனையே வேலை செய்யல. மத்த சாயம் பாருங்க, துண்டோட ஓரத்துல மட்டும் கருகருன்னு அப்பியிருக்கு. காஞ்சு போன சதை எதப் போட்டாலும் இப்படித்தான் குடிக்கும்" என்றார். நான் கேட்காமலே, "நல்ல சுரப்பிய நாங்க மொதல்லயே பார்த்திருக்கணும், எங்க தப்புதான்" என்றும் சொன்னார். இந்தக் கதை முழுவதிலும் தப்பு என்ற வார்த்தையைத் தானாக உச்சரித்த ஒரே ஆள் அவர்தான், குறித்துக்கொள்.

சதை எப்படிக் காய்ந்தது என்று கேட்டார், டப்பாவைக் கொண்டுவந்தது யார் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அதுவரை வாய் ஓயாதவன் சுவரில் இருந்த தீயணைப்பு விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். துருவிக் கேட்டதும் வந்தது. "நெடி தாங்கல டாக்டர், சீட்டெல்லாம் புதுசு, சிந்திடுச்சுன்னா போகாது. அதான் தண்ணியக் கீழ ஊத்திட்டு, டப்பாவ டிக்கியில வெச்சேன். சதை பத்திரமாத்தான் இருந்துச்சு" என்றான். சனிக்கிழமை கடையில் தள்ளுபடி விற்பனையாம், ஞாயிறு கூட்டாளி வீட்டுக் கல்யாணமாம், அதனால் திங்கட்கிழமைதான் கொடுத்தானாம். அந்த இரண்டு நாளும் டப்பா வெயிலில் நின்ற காரின் டிக்கியில். "அது தண்ணி இல்ல சார்" என்று மட்டும் சொன்னார் அந்த டாக்டர். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது, எங்கள் அம்மா இருந்திருந்தால் எனக்கும் சேர்த்து ஒன்று வைத்திருப்பாள். ஒரு காரின் சீட்டுக்காக என் புருஷனின் உயிரைச் சாக்கடையில் ஊற்றியவன் அன்று திரும்பி வரும் வழியில் ஏசியைப் போட்டு, "குளிருதாக்கா?" என்று அக்கறையாகக் கேட்டான்.

நல்லவேளை, நான் மடியில் கொண்டுபோன பழைய துண்டுகளை அங்கே மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்குச் சாயம் போட்டுவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். புற்றுநோய் செல் ஒவ்வொன்றின் நடுவிலும் பழுப்புப் புள்ளி, எள்ளைக் கொட்டினதுபோல். ஹார்மோன் ஏற்பி ஏராளம். வளர்ச்சிக் காரணி ஏற்பி பேருக்கு இருந்தது. பெரிய டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "டெக்னிக்கல் கோளாறு" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். கை குலுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன், எல்லாருக்கும் வருகிற சாதாரண நோய்தான், ஊசிக்குக் கட்டுப்படும், நாளையே போட வேண்டும் என்று. "அப்ப நான் ஸ்பெஷல் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். தையல்காரரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். குடித்த டீயைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்றேன். மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து, மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். தூசி என்றுகூடச் சொல்லவில்லை, "ஊசி வேலைய ஆரம்பிச்சிடுச்சுடி" என்றார். போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆமாம், ஊசிதான் என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நீ போன் பண்ணும்போது அவரிடம் அபூர்வம் பற்றி எதுவும் கேட்காதே, ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் கேள். மாமா பேசினால் காரைப் புகழாதே. அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீடூழி வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா

பின்குறிப்பு: மாமாவின் காரில் இன்னும் நெடி போகவில்லையாம். கீழே ஊற்றும்போது டிக்கிக்குள் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி.