ஊர்க்காரன் என்ற சொல்

காலைக் காப்பிக்கு முன்பே அன்றைய நற்செய்தியைக் காதில் போட்டுவிடும் என் அப்பாவுக்கு,

அங்கேயும் தினமும் வாசகம் உண்டா? நீங்கள் ஆண்டவரிடம் போன பிறகு, நம் தாமான் குடியிருப்பின் செபக் கூட்டத்தில் வாசகத்துக்கு ஆள் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஏன்தான் ஒப்புக்கொண்டேனோ. எரிச்சல் எரிச்சலாக வருகிறது, அப்பா.

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆரோக்கியம் என்பவர் சில மாதங்களாகக் கூட்டத்துக்கு வருகிறார். தமிழ்நாட்டுக்காரர், நம் வேதம்தான். வேலைக் களைப்போடு நம் புக்கிட் ரம்பாய் வரை சைக்கிள் மிதித்து வந்து, கடைசி நாற்காலியில் உட்காருவார். ஒரு முறை வாசகம் படிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த வியாழக்கிழமை நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கூட்டம் பக்கத்துத் தெரு அந்தோணி அங்கிள் வீட்டில். அன்றைய நற்செய்தி எது தெரியுமா? இயேசுவைச் சொந்த ஊர்க்காரர்களே ஏற்காமல் துரத்திய பகுதி. ஆரோக்கியம் எழுந்து விவிலியத்துக்குக் கை நீட்டினார். அங்கிள் அதை எடுத்து நம் மேரியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன் ஊர்க்காரன் லா. மேரி படிக்கட்டும்."

அந்தச் சொல்லை நாம் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன், நம்மோடு சேராதவன். நீங்களும் சாப்பாட்டு மேசையில் சொன்னதுதானே? உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தார், அப்பா?

உங்கள் சின்ன மகள் மேரியே படித்தாள். அந்நியரை ஏற்பது பற்றி அங்கிள் உருகி உருகிப் பேசினார். எல்லாரும் ஆமென் போட்டுவிட்டுக் கறிபாப் சாப்பிட்டோம்.

மன்னிப்புக் கேட்கலாமென்று ஆரோக்கியத்தின் பின்னாலேயே கேட் வரை போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க பக்கம் விருந்தாளியத்தான் முதல்ல படிக்கச் சொல்லுவோம்க்கா. சொந்த ஊர்க்காரன் அப்புறமா படிச்சுக்கலாம்ல? ஐயா என்னையத் தன்னோட ஊர்க்காரன்னே சொல்லிட்டாரு."

இங்கே வந்ததிலிருந்து அவர் கேட்ட நல்ல வார்த்தை அதுதானாம். பார்த்துப் போங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உள்ளே வந்து அங்கிளைப் பிடித்துக்கொண்டேன். இப்போதுதானே அவ்வளவு பேசினீர்கள் என்றேன். "அது வாசகம்மா, இது நம்ம வீடு" என்றார். அவருக்குக் கோபம்கூட இல்லை. காலையில் வாசகம், ராத்திரியில் செபமாலை. நடுவில் நாமெல்லாம் எங்கே போய்விடுகிறோம்? இதைக் கேட்டால் உங்கள் ரீத்தாவுக்கு வாய் அதிகம் என்கிறார்கள்.

என்றாவது ஒரு நாள் தொழிற்சாலையில் யாராவது ஆரோக்கியத்துக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த வியாழன் கூட்டம் நம் வீட்டில். உங்கள் நாற்காலியில் ஆரோக்கியம் உட்காருவார். உங்கள் விவிலியத்தை நானே அவர் கையில் கொடுப்பேன். அங்கிள் முகத்தைச் சுளித்தால், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, இவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்வேன். அன்றைக்கு ஆரோக்கியத்தின் காதில் அது எப்படி விழுந்ததோ, அதே அர்த்தத்தில் சொல்வேன். இது சத்தியம், அப்பா.

உங்களைப் போலவே வாய் அடங்காத மூத்த மகள்,
ரீத்தா